கமிஷன் பெறாத விமானக் குழுவினர்: பதவி, ஊதியம், தகுதிநிலை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர்விமானம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருபவர் அதிகாரியான விமானிதான். அதே விமானத்தில் அதே ஆபத்தைப் பகிர்ந்துகொண்டு பறக்கும் சார்ஜென்ட்டுகளும் வாரண்ட் ஆபீசர்களும் எந்தப் படிநிலையில் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன தரப்படுகிறது, ஏன் அப்படித் தரப்படுகிறது என்பவை குறித்து எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. இந்த முறை மிக விரிவாக வளர்ந்தது பிரிட்டிஷ் விமானப்படையில் என்பதால் எடுத்துக்காட்டுகளில் பாதிக்கு மேல் அங்கிருந்து வருகின்றன.

கமிஷன் பெறாதவர் என்றால் யார்?

நாட்டின் தலைவர் பெயரால் வழங்கப்படும் நியமனப் பத்திரத்தைப் பெற்றவர் கமிஷன் பெற்ற அதிகாரி. அந்தப் பத்திரம் இல்லாமல், படையில் சேர்ந்து, கார்ப்பரல், சார்ஜென்ட், ஃபிளைட் சார்ஜென்ட் எனப் படிப்படியாக உயர்பவர் கமிஷன் பெறாதவர். வாரண்ட் ஆபீசர் இந்த வரிசையின் உச்சியில் இருக்கிறார். அவர் பெயரிலேயே ‘ஆபீசர்’ இருந்தாலும், பிரிட்டிஷ் மரபைப் பின்பற்றும் படைகளில் அவர் கமிஷன் பெற்றவர் அல்லர். அமெரிக்காவில் வாரண்ட் ஆபீசர் தனி வகுப்பு; அங்கே அவர் அதிகாரிகளின் பக்கமே வைத்து எண்ணப்படுகிறார். ஒரே சொல் இரண்டு நாடுகளில் இரண்டு பொருள் தருவதால், ஒப்பிட முனைபவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான்.

விமானத்தில் இவர்கள் என்ன வேலை செய்கிறார்கள்?

இரண்டாம் உலகப்போரில் இவர்கள் துப்பாக்கி இயக்கும் கன்னர், வயர்லெஸ் ஆபரேட்டர், ஃபிளைட் இன்ஜினியர், குண்டு வீசுபவர், வழி கணிப்பவர், பல நேரங்களில் விமானியாகவும் இருந்தனர். இன்று சரக்கு விமானத்தில் லோட்மாஸ்டர், ஹெலிகாப்டரில் குரூமேன், கண்காணிப்பு விமானத்தில் ஒலியலை, ரேடார் திரைகளைப் பார்ப்பவர் எனப் பணிகள் மாறியிருக்கின்றன. பிரிட்டிஷ் விமானப்படை இவர்களில் பெரும்பாலோரை ‘ஆயுத அமைப்பு இயக்குநர்’ என்ற ஒரே பெயருக்குள் கொண்டுவந்துள்ளது.

பெயர்ப் பட்டியலைவிட ஒரு காட்சி இதை நன்றாக விளக்கும். அந்தரத்தில் நிற்கும் ஹெலிகாப்டருக்கு நேர் கீழே, காயமடைந்தவர் ஒருவர் கிடக்கிறார். விமானிக்குத் தன் இருக்கைக்கு அடியில் இருப்பது தெரியாது. கதவோரம் படுத்துத் தலையை வெளியே நீட்டியிருக்கும் சார்ஜென்ட், ‘முன்னே ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று, அப்படியே நில்லுங்கள்’ என்று மைக்கில் சொல்லச் சொல்ல, அந்தக் குரலை மட்டுமே நம்பி அதிகாரி விமானத்தை நகர்த்துகிறார். லோட்மாஸ்டரின் நிலையும் இதற்குக் குறைந்ததன்று. சரக்கின் எடை எங்கே விழுகிறது, சங்கிலிகள் தாங்குமா என்று கணக்கிட்டுவிட்டு அவர் ‘சரியில்லை’ என்றால், அவரைவிட மூன்று படி மேலே இருக்கும் கேப்டனும் விமானத்தைக் கிளப்ப மாட்டார்.

இவர்கள் ஏன் சார்ஜென்ட்டுக்குக் கீழே இருப்பதில்லை? எப்போதும் அப்படித்தான் இருந்ததா?

இல்லை. முப்பதுகளின் பிரிட்டிஷ் விமானப்படையில் கன்னர் என்பது தனித் தொழிலே அன்று. தரைப்பணியில் இருந்த மெக்கானிக்கோ வயர்லெஸ்காரரோ விருப்பம் தெரிவித்துப் பகுதிநேரமாகப் பறப்பார். சட்டைக்கையில் இறக்கை முளைத்த ஒரு பித்தளைத் தோட்டாச் சின்னம் இருக்கும். நாள்கூலியில் சில பென்ஸ் கூடும். இறங்கியதும் பழைய வேலைக்கே திரும்பிவிடுவார். பதவியோ ஏர்கிராஃப்ட்மேன் என்ற கடைநிலையிலேயே இருக்கும்.

போர் தொடங்கியதும் இந்த ஏற்பாட்டின் கோணல் வெளிப்பட்டது. 1940 மே 12 அன்று, பெல்ஜியத்தின் ஆல்பர்ட் கால்வாய்மீது வெல்ட்வெஸெல்ட் என்னுமிடத்தில் இருந்த பாலத்தைத் தகர்க்க 12-ஆம் ஸ்குவாட்ரனின் பேட்டில் வகைக் குண்டுவீச்சு விமானங்கள் சென்றன. முன்னணி விமானத்தில் மூவர் இருந்தனர். விமானி டொனால்ட் கார்லண்ட் அதிகாரி. வழி கணித்துக் குண்டு வீசும் அப்சர்வரான தாமஸ் கிரே சார்ஜென்ட். பின்னிருக்கையில் இருந்த லாரன்ஸ் ரேனால்ட்ஸ் லீடிங் ஏர்கிராஃப்ட்மேன், அதாவது சார்ஜென்ட்டுக்குக் கீழான கடைநிலை வீரர், வயது இருபது. விமானம் வீழ்ந்தது, மூவரும் இறந்தனர். கார்லண்டுக்கும் கிரேக்கும் விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது. ரேனால்ட்ஸுக்கு எந்தப் பதக்கமும் இல்லை. மூவரும் ஹெவர்லீ போர்க் கல்லறையில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள்.

அந்த ஆண்டிலேயே, பறக்கும் குழுவில் நிலையாக இருப்பவர் எவரும் குறைந்தது சார்ஜென்ட்டாக இருக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. ரேனால்ட்ஸின் சாவு இதற்கு நேரடிக் காரணம் என்று கொள்ள வேண்டியதில்லை. பகுதிநேரக் கன்னரை முழுநேர வீரராக்கும் தேவை ஏற்கெனவே எழுந்திருந்தது. 1939-இன் இறுதியிலேயே கன்னர்களுக்கெனத் துணியாலான ஒற்றை இறக்கைச் சின்னம் அறிமுகமாகியிருந்தது. ஆயினும், ஒரே விமானத்தில் மூன்று தகுதிநிலைகள் என்ற ஏற்பாடு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

சார்ஜென்ட் பதவிக்கும் போர்க்கைதியாவதற்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

உண்டு, அதுவும் சட்டப்படி. 1929-ஆம் ஆண்டின் ஜெனிவா ஒப்பந்தத்தின் 27-ஆம் பிரிவின்படி, சிறைப்பட்ட சாதாரண வீரர்களை வேலை வாங்கலாம். கமிஷன் பெறாத அதிகாரிகளையோ, அவர்களே கேட்டுக்கொண்டாலன்றி, மேற்பார்வைப் பணி தவிர வேறெதையும் செய்யும்படி கட்டாயப்படுத்த இயலாது. ஆகவே சார்ஜென்ட் கன்னர் ஒருவர் சுட்டு வீழ்த்தப்பட்டுப் பிடிபட்டால், சுரங்கத்துக்கோ வயலுக்கோ அனுப்பப்படாமல் முகாமிலேயே இருக்க அவருக்கு உரிமை இருந்தது. 1949-ஆம் ஆண்டின் ஒப்பந்தமும் இந்தப் பாகுபாட்டைத் தொடர்கிறது.

ஜெர்மானிய விமானப்படை, பிடிபட்ட விமானக் குழுவினருக்கெனத் தனி முகாம்களை நடத்தியது. ஸாகனில் இருந்த ஸ்டாலாக் லுஃப்ட் 3 பெரும்பாலும் அதிகாரிகளுக்கானது. ஹைடக்ரூகில் இருந்த ஸ்டாலாக் லுஃப்ட் 6 சார்ஜென்ட் நிலையினருக்கானது. ஒரே விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்தவர்கள் வெவ்வேறு முகாம்களில் போரைக் கழித்தது இப்படித்தான். முள்வேலிக்குப் பின்னாலும் பதவி அவர்களை விடவில்லை.

இருபது வயதில் சார்ஜென்ட் ஆனவர்களைப் பழைய சார்ஜென்ட்டுகள் எப்படி ஏற்றுக்கொண்டார்கள்?

பெரும்பாலும் முகம் சுளித்துத்தான். தரைப்பணிப் பிரிவுகளிலும் பட்டறைகளிலும் மூன்று பட்டைகள் பெறப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்தவர்களுக்கு, சில மாதப் பயிற்சி முடிந்ததும் அதே பட்டைகளைத் தைத்துக்கொண்டு மெஸ்ஸுக்குள் வந்து உட்காரும் இளைஞர்களைக் கண்டு எரிச்சல் ஏற்பட்டது இயல்பே. அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. சார்ஜென்ட் என்பவர் பிறரை வழிநடத்தப் பழகியவர் என்பது படையின் பொதுப் பொருள்; விமானக் குழுச் சார்ஜென்ட்டுக்குக் கீழே பெரும்பாலும் எவரும் இல்லை. ஆனால் அந்த இளைஞர்களில் பலர் மெஸ் மேலாளர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளும் முன்பே காணாமல் போனார்கள் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

வானில் யாருக்கு அதிகாரம்? உயர் பதவியில் இருப்பவருக்கா, கேப்டனுக்கா?

கேப்டனுக்கே. பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் விமானிதான் கேப்டன். அவர் சார்ஜென்ட்டாகவும் அவருடைய வழிகணிப்பாளர் அதிகாரியாகவும் இருக்கலாம். 1943 மே மாதம் ஜெர்மனியின் அணைகளைத் தாக்கிய 617-ஆம் ஸ்குவாட்ரனில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. என்னெபே அணையைத் தாக்கிய லங்காஸ்டர் விமானத்தின் கேப்டன் பில் டவுன்சென்ட், ஃபிளைட் சார்ஜென்ட். அவருக்கு வழி சொன்ன லான்ஸ் ஹோவார்ட், பைலட் ஆபீசர், அதாவது கமிஷன் பெற்றவர். தரையில் டவுன்சென்ட்தான் ஹோவார்டுக்கு வணக்கம் செலுத்த வேண்டும். விமானக் கதவு மூடியதும் நிலைமை தலைகீழ்.

முதல் உலகப்போரின் தொடக்கத்தில் ஜெர்மானியர்கள் இதை வேறு விதமாகப் பார்த்தார்கள். விமானி அங்கே வண்டியோட்டி போன்றவர், பெரும்பாலும் அதிகாரியல்லாதவர். பின்னிருந்து பார்க்கும் அப்சர்வர்தான் அதிகாரி, ஆணையிடுபவரும் அவரே. விமானிக்கு ‘எமில்’ என்றும் அப்சர்வருக்கு ‘ஃபிரான்ஸ்’ என்றும் படைவீரர்கள் செல்லப்பெயர் வைத்திருந்தார்கள். குதிரை வண்டியில் பிரபு பின்னால் அமர, சாரதி கடிவாளம் பிடிக்கும் மரபு விமானத்துக்குள்ளும் ஏறிவந்துவிட்டதோ என்று தோன்றுகிறது. விமானியின் திறமையில்தான் இருவர் உயிரும் தொங்குகிறது என்பது புரிந்த பிறகு அந்த எண்ணம் நிலைக்கவில்லை.

இறங்கிய பிறகு?

லங்காஸ்டர் போன்ற குண்டுவீச்சு விமானத்தில் ஏழு பேர் சேர்ந்து போய்வருவார்கள். தாக்குதல் எப்படி நடந்தது என்று விசாரிக்கும் அறையில் ஒரே மேசையைச் சுற்றி அமர்வார்கள். பிறகு அதிகாரிகள் அதிகாரிகள் மெஸ்ஸுக்கும் மற்றவர்கள் சார்ஜென்ட் மெஸ்ஸுக்கும் பிரிந்துவிடுவார்கள். உறங்கும் கட்டடம், உணவு மேசை, ரயிலில் பயணிக்கும் வகுப்பு எல்லாமே வேறு. ஒருவருக்கொருவர் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளப் பழகியவர்கள் ஒன்றாகக் குடிக்க வேண்டுமென்றால் முகாமுக்கு வெளியே இருந்த மதுக்கடைக்குத்தான் போக வேண்டியிருந்தது. குழு ஒற்றுமையைப் பற்றி அத்தனை பேசிய படை, அந்த ஒற்றுமைக்கு ஒரு பொது அறையை ஒதுக்கத் தயங்கியது விந்தைதான்.

எல்லோருக்கும் கமிஷன் கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கலே இருக்காதே?

கனடா இதைத்தான் கேட்டது. 1939 டிசம்பரில் கையெழுத்தான காமன்வெல்த் விமானப் பயிற்சித் திட்டத்தின் கீழ், பயிற்சி முடிக்கும் விமானிகளிலும் அப்சர்வர்களிலும் பாதிப்பேருக்கும், வயர்லெஸ் ஆபரேட்டர்–கன்னர்களில் 20 விழுக்காட்டினருக்கும் கமிஷன் என்ற அளவு பின்னர் வகுக்கப்பட்டது. 1942-இல் ஒட்டாவாவில் கூடிய மாநாட்டில் கனடிய தரப்பு இந்த அளவையே எதிர்த்தது: ஒரே வேலை, ஒரே ஆபத்து, ஆனால் ஒருவருக்கு அதிகாரிக்குரிய ஊதியமும் பயணச் சலுகையும், இன்னொருவருக்கு இல்லை என்பது எப்படி நியாயமாகும் என்பது அதன் வாதம். கமிஷன் என்பது வேலைக்கான கூலி அன்று, தலைமைப் பண்புக்கான அங்கீகாரம் என்பது பிரிட்டனின் பதில். கனடா தன் ஆட்களுக்குத் தாராளமாகக் கமிஷன் வழங்கத் தொடங்கியது. பிரிட்டன் தன் வழியிலேயே சென்றது. இரு தரப்பு வாதங்களையும் படிக்கும்போது, பிரிட்டனின் பதில் கேள்வியை விட்டு விலகிப்போவதாகவே எனக்குத் தோன்றுகிறது. பாதிப்பேருக்கு மட்டும் தலைமைப் பண்பு இருக்கும் என்று பயிற்சி தொடங்கும் முன்பே எப்படிக் கணித்தார்கள்?

நேர்மாறான சோதனையும் நடந்திருக்கிறது. 1940 டிசம்பரில் சோவியத் படை, விமானப் பள்ளிகளில் தேறி வருபவர்களை அதிகாரிகளாக்காமல் சார்ஜென்ட்டுகளாக்கிப் பாசறையில் தங்கவைத்தது. பறக்கும் திறனுள்ளவர்களிடம் அது மனக்கசப்பையே வளர்த்தது. போரின் நடுவிலேயே அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது.

விமானக் குழுவினருக்கெனத் தனிப் பதவி வரிசை இருந்ததாமே?

1946-இல் பிரிட்டிஷ் விமானப்படை அப்படி ஒன்றை உருவாக்கியது. சார்ஜென்ட், ஃபிளைட் சார்ஜென்ட் என்பவற்றுக்குப் பதிலாக பைலட் 4, பைலட் 3, பைலட் 2, பைலட் 1, மாஸ்டர் பைலட் என்றும், மற்றப் பணிகளுக்கும் இதே பாணியிலும் பெயர்கள் வைக்கப்பட்டன. பட்டைகளுக்குப் பதிலாக நட்சத்திரங்களும் இலைமாலையும் கொண்ட சின்னங்கள் வந்தன. தரைச் சார்ஜென்ட்டுகளின் எரிச்சலைத் தவிர்க்கக் காகிதத்தில் இது அழகான தீர்வு. ஆனால் பைலட் 2 என்பவர் யாருக்குச் சமம் என்று காவலில் நிற்பவருக்கும் தெரியவில்லை, மெஸ்ஸில் இருப்பவருக்கும் தெரியவில்லை. எண்ணால் அழைக்கப்படுவதை எவரும் விரும்பவுமில்லை. 1950-இல் பழைய பெயர்களே திரும்பின. மாஸ்டர் என்ற உச்சப் பதவி மட்டும் எஞ்சியது. இன்றும் வாரண்ட் ஆபீசருக்குச் சமமான ‘மாஸ்டர் ஏர்குரூ’ அந்தப் படையில் உண்டு.

ஊதியம் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

பொதுவாக மூன்று அடுக்குகள் உண்டு: பதவிக்குரிய அடிப்படை ஊதியம், தொழில்திறனுக்கான கூடுதல், பறப்பதற்கான படி. முதல் இரண்டும் தரையில் இருப்பவருக்கும் உண்டு. வாதம் எல்லாம் மூன்றாவதைப் பற்றியே.

பறப்புப்படி ஆபத்துக்கான ஈடு என்ற எண்ணத்தில் பிறந்தது. 1914 ஜூலையில் அமெரிக்கா இயற்றிய சட்டம், தரைப்படையின் விமானப் பிரிவில் அதிகாரியல்லாத 12 பேர் வரை விமானம் ஓட்டப் பயிற்சி பெறலாம் என்றது. தொடர்ந்து பறக்கும் கடமையில் இருக்கும் அதிகாரியல்லாதவருக்கு ஊதியத்தில் 50 விழுக்காடு கூட்டியும் தந்தது. விழுக்காட்டில் தருவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. விகிதம் ஒன்றே ஆனாலும் அடிப்படை குறைவாக உள்ளவரின் கையில் வருவது குறைவு. ஆபத்தின் விலை பதவியைப் பொறுத்து மாறிவிடுகிறது.

அந்த இடைவெளி இன்றும் தொடர்கிறது. அமெரிக்காவில் 1999-இல் வகுக்கப்பட்ட அளவுகளின்படி, அதிகாரியல்லாத விமானக் குழுவினருக்கு மாதம் 400 டாலர் உச்சவரம்பாக இருந்தது. அதிகாரிகளுக்கு 840 டாலர். இந்தியாவில் 2017-இல் நடைமுறைக்கு வந்த அட்டவணையில் பறப்புப்படி அதிகாரிக்கு மாதம் 25,000 ரூபாயும் அதிகாரியல்லாதவருக்கு 17,300 ரூபாயும் என நிர்ணயிக்கப்பட்டது. அமெரிக்க விகிதத்தைவிட இது நெருக்கமானது என்றாலும், படைப்பணி ஊதியம் என்ற வேறொரு இனத்தில் 15,500-க்கு எதிரே 5,200 என்று இடைவெளி மீண்டும் அகலமாகிறது.

படைகள் இதற்குச் சொல்லும் காரணம் வெளிப்படையானது: பறப்புப்படி இப்போது ஆபத்துக்கான ஈடு அன்று, பயிற்சி பெற்றவர் வெளியே போய்விடாமல் பிடித்துவைக்கும் கயிறு. பிரிட்டனில் அதன் பெயரே ‘ஆள்சேர்ப்பு, தக்கவைப்பு ஊதியம்’ என்றாகிவிட்டது. விமானியைப் பயணிகள் விமான நிறுவனங்கள் கூடுதல் சம்பளம் தந்து இழுக்கும். ஹெலிகாப்டர் கதவோரம் படுத்திருப்பவருக்கு அப்படி வெளிச்சந்தை இல்லை. ஆகவே அவருடைய கயிறு மெல்லியதாக இருக்கிறது. சந்தைக் கணக்காக இது சரி. ஆபத்துக் கணக்காகச் சரியில்லை.

பறக்காவிட்டால் படி நிற்குமா?

படைக்குப் படை விதி மாறும். அமெரிக்காவில் ஆபத்துப்பணிக்கான பறப்புப்படி பெற மாதத்துக்குக் குறைந்தது நான்கு மணி நேரம் பறக்க வேண்டும் என்பது பழைய விதி. காது அடைப்பு, முதுகுவலி போன்றவற்றால் மருத்துவர் நீண்ட காலம் தரையில் நிறுத்திவைத்தால் படி குறையலாம், நிற்கலாம். குடும்பச் செலவை அந்தப் படியை நம்பித் திட்டமிட்டவர், உடல்நலக் குறையை மருத்துவரிடம் சொல்லத் தயங்குவது இதன் விரும்பத்தகாத விளைவு.

வீரப் பதக்கங்களிலும் பதவி பார்க்கப்பட்டதா?

நீண்ட காலம் பார்க்கப்பட்டது. பிரிட்டனில் விக்டோரியா கிராஸுக்குப் பதவி வேறுபாடு இல்லை. அதன் கீழே உள்ளவற்றுக்கு இருந்தது. 1918-இல் தொடங்கிய முறைப்படி அதிகாரிகளுக்கும் வாரண்ட் ஆபீசர்களுக்கும் டிஸ்டிங்விஷ்ட் ஃபிளையிங் கிராஸ், மற்றவர்களுக்கு டிஸ்டிங்விஷ்ட் ஃபிளையிங் மெடல். முன்னே சொன்ன டவுன்சென்ட் விமானத்தையே எடுத்துக்கொள்ளலாம். கேப்டனுக்குக் கிடைத்தது அதிகாரியல்லாதவர்க்கான கான்ஸ்பிக்யுவஸ் கேலன்ட்ரி மெடல், ஹோவார்டுக்குக் கிராஸ், கன்னர்களுக்கு மெடல். ஒரே இரவு, ஒரே விமானம், ஒரே அணை. இந்தப் பிரிவினை 1993-இல் நீக்கப்பட்டது. இப்போது கிராஸ் எல்லாப் பதவியினருக்கும் பொது.

பிறகு கமிஷன் பெற முடியுமா?

முடியும், பலர் பெற்றிருக்கிறார்கள். முதல் உலகப்போரின் பெயர்பெற்ற விமானியான ஜேம்ஸ் மக்கடன், விமானப் பிரிவில் மெக்கானிக்காக நுழைந்து, சார்ஜென்ட் விமானியாகி, 1917 தொடக்கத்தில் கமிஷன் பெற்றவர். ஒலியின் வேகத்தை மிஞ்சிப் பறந்த சக் யேகர் 1941-இல் கடைநிலை வீரராகச் சேர்ந்து மெக்கானிக்காக இருந்தவர். அதிகாரியல்லாத விமானிகளுக்கென 1942-இல் அமெரிக்கா உருவாக்கிய ‘ஃபிளைட் ஆபீசர்’ என்ற இடைநிலைப் பதவியில்தான் இறக்கை பெற்றார். எல்லோரும் இதை விரும்புவதும் இல்லை. கமிஷன் பெற்றால் நாளடைவில் அலுவலக மேசை வந்து சேரும். பறப்பதையே விரும்பும் மாஸ்டர் ஏர்குரூ ஒருவர் அதற்காகவே மறுத்துவிடலாம்.

இன்று அதிகாரியல்லாத விமானிகள் இருக்கிறார்களா?

பிரிட்டிஷ் தரைப்படையின் ஆர்மி ஏர் கோரில் இருக்கிறார்கள். அங்கே சார்ஜென்ட்டுகள் ஹெலிகாப்டர் ஓட்டுகிறார்கள். அமெரிக்கத் தரைப்படையின் ஹெலிகாப்டர் விமானிகளில் பெரும்பகுதியினர் வாரண்ட் ஆபீசர்கள். அமெரிக்க விமானப்படை, பல பத்தாண்டு இடைவெளிக்குப் பின், ஆளில்லா குளோபல் ஹாக் விமானங்களை இயக்க அதிகாரியல்லாதவர்களை 2015-இல் அனுமதித்தது. முதல் அணி 2017-இல் பயிற்சியை முடித்தது. விமானி அமர்ந்திருப்பது தரையில் என்றான பிறகுதான் அந்தக் கதவு திறந்தது என்பதைக் கவனிக்கலாம்.

கருவிகள் பெருகப் பெருக இந்தப் பணிகள் குறையாதா?

சில ஏற்கெனவே போய்விட்டன. நான்கு எஞ்சின்களின் அளவுமானிகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஃபிளைட் இன்ஜினியரின் வேலையைப் புதிய விமானங்களில் கணினி செய்கிறது. மோர்ஸ் தந்தி தட்டியவரும் வான்கன்னரும் அதற்கு முன்பே மறைந்தார்கள். சரக்கைக் கட்டுபவரும் கதவோரம் படுத்திருப்பவரும் இன்னும் இருக்கிறார்கள், ஏனெனில் சங்கிலியின் இறுக்கத்தைக் கையால்தான் சோதிக்க வேண்டியிருக்கிறது.